புத்தகப் பையோடு சட்டசபைக்குப் போனவர்கள்



அமெரிக்காவில் ஒரு பாட்டில் பீர் வாங்க 21 வயது ஆக வேண்டும். ஆனால் அங்கே பல மாநிலங்களில் 18 வயது முடிந்த பையன் கடைக்குப் போய் ரைஃபிள் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு வரலாம்! கேட்டால் சிரிப்பு வருகிறது. ஆனால் இதற்கு அந்த நாட்டுப் பிள்ளைகள் கொடுத்த விலை சிரிப்பதற்குரியதல்ல.

2018 பிப்ரவரி 14. புளோரிடா மாநிலத்தில் பார்க்லேண்ட் என்ற ஊர். அங்குள்ள மார்ஜரி ஸ்டோன்மேன் டக்ளஸ் உயர்நிலைப் பள்ளிக்குள், முன்பு அங்கேயே படித்த 19 வயது இளைஞன் நுழைந்தான். கையில் இருந்தது சட்டப்படி விலைக்கு வாங்கிய ஏ.ஆர்.15 வகைத் துப்பாக்கி. மாணவர்கள் 14 பேர், பள்ளிப் பணியாளர்கள் 3 பேர், ஆக 17 உயிர்கள் சில நிமிடங்களில் போயின.

இது முதல் தடவையா? இல்லையே! 1999-ல் கொலம்பைன் பள்ளி. 2012-ல் சேண்டி ஹூக் பள்ளி; அங்கே மாண்டவர்கள் 20 பிஞ்சுக் குழந்தைகளும் 6 பெரியவர்களும். ஒவ்வொரு தடவையும் மெழுகுவர்த்தி, மலர்க்கொத்து, அனுதாபச் செய்தி. சேண்டி ஹூக்கிற்குப் பிறகு, துப்பாக்கி வாங்குபவரின் பின்னணியை விசாரிக்கும் முறையை விரிவாக்க 2013 ஏப்ரலில் செனட் சபையில் ஒரு திருத்தம் வந்தது. ஆதரவு 54 ஓட்டு. தேவை 60. அவ்வளவுதான், மூட்டை கட்டி வைத்துவிட்டார்கள்.

பார்க்லேண்ட் மாணவர்கள் அழுததோடு நிற்கவில்லை. மூன்றாம் நாளே ஃபோர்ட் லாடர்டேல் நகரக் கூட்டத்தில், அன்று எம்மா என்று அறியப்பட்ட எக்ஸ் கொன்சாலஸ் என்ற 18 வயது மாணவர், கண்ணீரைத் துடைத்துக்கொண்டே, அரசியல்வாதிகள் சொல்லும் சமாதானங்கள் எல்லாம் வெறும் புளுகு என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். அடுத்த சில நாட்களில் சுமார் நூறு மாணவர்கள் பஸ் ஏறித் தலைநகர் டல்லஹாசிக்குப் போனார்கள். அதே வாரம் அங்கே கீழவை, ராணுவ பாணித் துப்பாக்கிகளைத் தடை செய்யும் மசோதாவை விவாதத்துக்கு எடுக்கவே மாட்டோம் என்று 71-க்கு 36 ஓட்டில் தள்ளிவிட்டது. வேறு யாராக இருந்தாலும் வீட்டுக்குத் திரும்பியிருப்பார்கள்!

இவர்கள் விடவில்லை. அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் அல்லவா? மார்ச் 9-ஆம் தேதி புளோரிடா கவர்னர் ரிக் ஸ்காட் புதிய சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். ரைஃபிள் வாங்கும் வயது 18-லிருந்து 21 ஆனது. வாங்க மூன்று நாள் காத்திருக்க வேண்டும். ஆபத்தானவர் என்று கோர்ட் கருதினால் அவரிடமிருந்து துப்பாக்கியை வாங்கி வைக்கலாம். அன்றைக்கே தேசிய ரைஃபிள் சங்கம் வழக்குப் போட்டது என்றால், அடி எங்கே விழுந்தது என்று புரிகிறதா?

மார்ச் 14-ல் நாடெங்கும் மாணவர்கள் வகுப்பைவிட்டு வெளியே வந்து 17 பேருக்காக 17 நிமிடம் நின்றார்கள். மார்ச் 24-ல் வாஷிங்டனிலும் எண்ணூறுக்கும் மேற்பட்ட மற்ற இடங்களிலும் 'உயிர்களுக்கான பேரணி' நடந்தது. அந்த மேடையில் எனக்கு மிகவும் பிடித்தவர் நவோமி வாட்லர் என்ற 11 வயது கறுப்பினச் சிறுமி. பத்திரிகையின் முதல் பக்கத்தில் இடம் கிடைக்காமலே சுடப்பட்டுச் சாகும் கறுப்பினப் பெண்களுக்காக அவள் பேசினாள். நியாயம்தானே? வசதியான ஊரில் குண்டு வெடித்தால்தான் நாட்டுக்குக் காது கேட்குமா? சிகாகோவின் கறுப்பின இளைஞர்கள் அதற்கு முன்பிருந்தே இதற்காகக் கத்திக்கொண்டுதான் இருந்தார்கள். பார்க்லேண்ட் மாணவர்கள் அவர்களையும் தேடிக் கூப்பிட்டு மைக்கைப் பகிர்ந்துகொண்டார்கள். இயக்கம் வளர்ந்தது அதனால்தான் என்பது என் கருத்து.

"துப்பாக்கியா கொல்லுது? மனுஷன்தானே கொல்லுறான்" என்று வாதாடுபவர்கள் உண்டு. நாம் பாலிடெக்னிக்காரர்கள், நம் ஒர்க்ஷாப்பில் இருந்தே பதில் சொல்லலாம். லேத்தில் சக் சாவியைக் கழற்றாமல் ஸ்விட்சைப் போடாதே என்று முதல் நாளே சொல்லிக் கொடுக்கிறார்கள். அதோடு விட்டுவிடுகிறார்களா? சுழலும் இடத்துக்கு மூடியும் போடுகிறார்கள். மனுஷன் தவறுவான், கோபப்படுவான், நிதானம் இழப்பான் என்று தெரிந்துதான் மிஷினுக்குக் காவல் வைக்கிறோம். கொல்வதற்கென்றே செய்த மிஷினுக்கு மட்டும் காவல் வேண்டாமா?

எல்லாம் கைகூடிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. அதே புளோரிடா சட்டம் பள்ளி ஊழியர் சிலர் கையிலும் துப்பாக்கி கொடுக்க வழி செய்தது. 2022 மே மாதம் டெக்சாஸ் மாநிலம் யுவால்டியில் 18 வயதுக்காரன் ஒருவன் 19 குழந்தைகளையும் 2 ஆசிரியைகளையும் சுட்டுக் கொன்றான். அவன் துப்பாக்கியும் சட்டப்படி வாங்கியதே! மாணவர்கள் மறுபடி தெருவுக்கு வந்தார்கள். அடுத்த மாதமே, 21 வயதுக்குக் கீழே உள்ளவர் துப்பாக்கி வாங்கினால் கூடுதலாக விசாரிக்க வேண்டும் என்ற மத்திய சட்டம் வந்தது. 2023-ல் புளோரிடா கீழவை வயது வரம்பை மறுபடி 18 ஆக்க மசோதா நிறைவேற்றியது. செனட்டில் அது நிறைவேறவில்லை. வாங்கிய உரிமைக்கும் காவல் இருக்க வேண்டும்!

"படிக்கப் போற இடத்துல உனக்கெதுக்கு ஊர் வம்பு?" என்று என்னைப் போல வீட்டில் முதலில் படிக்க வந்தவனிடம் எல்லோரும் சொல்வார்கள். பயத்தில் சொல்கிறார்கள், அவர்கள் மேல் தப்பில்லை. ஆனால் வம்பு வகுப்பறைக்கே தேடி வந்தபோது அந்த மாணவர்கள் என்ன செய்தார்கள்? கல்லெறியவில்லை. சட்டத்தைப் படித்தார்கள். எது வேண்டும் என்று தெளிவாகக் கேட்டார்கள். 2018 கோடையில் ஊர் ஊராகப் பஸ்ஸில் போய் இளைஞர்களை வாக்காளர் பட்டியலில் சேர்த்தார்கள். 2014 இடைக்காலத் தேர்தலில் 18 முதல் 29 வயதுள்ளவர்களில் 20 சதவீதம் பேர்தான் ஓட்டுப் போட்டார்கள். 2018-ல் அது 36 சதவீதம்! இயக்கத்தில் பணியாற்றிய மேக்ஸ்வெல் ஃப்ராஸ்ட் 2022-ல் தன் 25-வது வயதில் நாடாளுமன்றத்துக்கே தேர்வானார்.

துப்பாக்கி வாங்கும் வயசும் ஓட்டுப் போடும் வயசும் அங்கே ஒன்றாக இருந்தது. ஒருவன் முதலாவதை எடுத்தான். ஆயிரமாயிரம் பேர் இரண்டாவதை எடுத்தார்கள். அந்த ஆயிரத்தின் பக்கம் நிற்பதே மாணவனுக்கு அழகு!