‘ப்ரீ’ என்றால் இலவசமா, சுதந்திரமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இன்டர்நெட்டில் முதலில் தேடுவது ‘ப்ரீ’ சாப்ட்வேரைத்தான். என் பெரியப்பாவும் மளிகைக் கடைக் கணக்கு எழுத அப்படி ஒன்றை டவுன்லோட் செய்தார். 30 நாள் நன்றாக ஓடியது. 31-ம் நாள், பணம் கட்டினால்தான் பைலைத் திறப்பேன் என்றது. ஒரு மாதக் கணக்கு உள்ளே மாட்டிக்கொண்டது. “ப்ரீன்னுதானேப்பா போட்டிருந்தான்?” என்று என்னிடம் கேட்டார். சாப்ட்வேர் எழுதிப் பிழைக்கும் எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

‘ப்ரீ’ மிகப் பழைய ஆங்கிலச் சொல். அடிமையாக இல்லாதவர் என்பதே அதன் தொடக்கப் பொருள். அதன் வேருக்கு அன்பு என்று அர்த்தம். ‘ப்ரெண்ட்’ என்ற சொல்லும், சமஸ்கிருதத்தின் ‘ப்ரிய’ என்ற சொல்லும் அதே வேரில் பிறந்தவை. நாம் சொல்லும் ‘பிரியம்’ அந்த வழியில் வந்ததுதான். ‘காசில்லாமல்’ என்ற பொருள் பிற்பாடு சேர்ந்துகொண்டது.

அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-ல் குனு திட்டத்தை அறிவித்தார். அவர் ‘ப்ரீ சாப்ட்வேர்’ என்று சொன்னது விலையை மனதில் வைத்து அல்ல. எந்த வேலைக்கும் பயன்படுத்தலாம், உள்ளே எப்படி இயங்குகிறது என்று பார்த்து மாற்றலாம், பிறருக்கு நகல் தரலாம், மாற்றியதையும் தரலாம் என்ற நான்கு சுதந்திரங்களைச் சொன்னார். அத்தகைய சாப்ட்வேரைக் காசுக்கு விற்கவும் தடையில்லை. 2010-ல் உருவான லிப்ரே ஆபீஸின் பெயரில் உள்ள ‘லிப்ரே’வும் சுதந்திரத்தைக் குறிக்கும் சொல்லே.

ஆங்கிலத்தில் உள்ள இந்தக் குழப்பம் தமிழில் இல்லை. இலவச மென்பொருள் வேறு, கட்டற்ற மென்பொருள் வேறு. எனவே ‘ப்ரீ’ என்று பார்த்ததும் எந்த ப்ரீ என்று கேளுங்கள். ‘ப்ரீ ட்ரையல்’ என்றால் சில நாள் சலுகை மட்டுமே. ‘ப்ரீவேர்’ என்றால் காசு வேண்டாம். ஆனால் உள்ளே பார்க்கவோ மாற்றவோ பெரும்பாலும் உரிமை இராது. லைசென்ஸில் ‘ஜிபிஎல்’ என்று இருந்தால் அது கட்டற்றது.

பாட்டுக் கேட்கவும் படம் பார்க்கவும் இலவசம் போதும். ஆனால் கணக்கு, கடிதம் போன்ற உங்கள் உழைப்பைச் சேர்த்துவைக்கும் இடத்தில் விலையைவிடச் சுதந்திரமே முக்கியம் என்பது என் கருத்து. அந்த பைலை நாளை வேறு சாப்ட்வேரிலும் திறக்க முடியுமா என்று முதல் நாளே பாருங்கள்.

பெரியப்பா அந்த ஒரு மாதக் கணக்கைப் பில் கட்டுகளைப் பார்த்து லிப்ரே ஆபீஸில் மறுபடி டைப் செய்தார். அதற்கு நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின.