குறுஞ்செய்தி நினைவூட்டல்: சங்கத்தின் நிலைப்பாடு

மருத்துவமனை மறுபரிசோதனை நாளைக் குறுஞ்செய்தியில் நினைவூட்டுவதைச் சங்கம் கொள்கையளவில் ஆதரிக்கிறது. 2013-இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பில், நினைவூட்டல் பெறாதவர்களில் 67.8 சதவீதம் பேர் வந்தார்கள். குறுஞ்செய்தி பெற்றவர்களில் 78.6, போனில் அழைத்துச் சொன்னபோது 80.3. குறுஞ்செய்திக்குச் செலவு குறைவு என்பதையும் பொதுவாக மறுக்கவில்லை. ஆனால் செய்தி அனுப்பியும் இரண்டு முறை வராதவர் பெயரை அடித்துவிடலாம் என்ற யோசனையை எந்த வடிவிலும் ஏற்க முடியாது.

செய்தி போய்விட்டால் நோயாளிக்குத் தெரிந்துவிட்டதாக அர்த்தமா? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் தாமே பயன்படுத்தும் கைபேசி வைத்திருப்பவர்கள் 54 சதவீதம். அவர்களிலும் குறுஞ்செய்தி படிக்கத் தெரிந்தவர்கள் 71 சதவீதம். பெருக்கிப் பார்த்தால் பத்துக்கு நாலு பேர்கூடத் தேறவில்லை. தமிழ்நாட்டு நிலை இதைவிட மேல் என்பார்கள், இருக்கட்டும். சுகர், பிரஷர் மாத்திரைக்கு வரிசையில் நிற்கும் பலர் அந்த வயதைத் தாண்டியவர்கள். ஓ.பி. சீட்டில் இருப்பது மகனின் எண். மகனோ திருப்பூரில் வேலையில். கடன் விளம்பரத்துக்கும் ஓடிபிக்கும் நடுவே 'டியர் பேஷண்ட்' என்று ஆங்கிலத்தில் வந்து விழும் வரிக்கு ஊரிலிருக்கும் தாய் எப்படிப் பொறுப்பாவார்? தமிழில் அனுப்பச் சொன்னால் செலவு என்கிறார்கள். ஆங்கிலச் செய்தி ஒன்றில் 160 எழுத்து அடங்கும், தமிழில் 70தான். 'மருத்துவமனை' என்ற சொல் மட்டுமே 11 இடத்தைப் பிடித்துக்கொள்ளும். உண்மைதான். இரண்டு செய்திக்கான காசைக் கொடுத்துவிட்டுப் போகட்டும். படிக்க முடியாததை அனுப்பிவிட்டு வரவில்லை என்று தண்டிப்பது அடாவடி. இச்சொல்லை மென்மையாக்கலாம் என்ற ஆலோசனையைச் செயற்குழு பரிசீலித்து, அப்படியே விட்டிருக்கிறது.

வராதவரால் இன்னொருவரின் இடம் வீணாகிறதே என்பது நியாயமான கேள்வி. லண்டன் பார்ட்ஸ் மருத்துவமனைகளில் நடந்து 2015-இல் வெளியான ஆய்வில், வராவிட்டால் சுமார் 160 பவுண்டு நஷ்டம் என்று செய்தியிலேயே சொன்னபோது, வராதவர்கள் 11.1 சதவீதத்திலிருந்து 8.4 ஆகக் குறைந்தார்கள். யார் பெயரையும் அடிக்கவில்லை. தேதியை மாற்ற ஒரு போன் எண்ணும் கொடுத்திருந்தார்கள். இங்கே பதில் அனுப்பவே வழியில்லை.

காசநோய், எச்.ஐ.வி., மனநலப் பிரிவுகளின் பெயர் செய்தியில் இடம்பெறக் கூடாது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

நினைவூட்டல் திட்டத்திலிருந்து பெயர் நீக்கும் பிரிவு முழுவதுமாக எடுக்கப்படும்வரை, மருத்துவமனையின் நோயாளர் நலச் சங்கக் கூட்டங்களில் அத்திட்டத்துக்கு உறுப்பினர்கள் எவரும் கையெழுத்திட வேண்டாம்.