குழந்தையின் முதற் சோறு

ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும் போதாது. இதனை அறிந்த தாய்மாருங்கூட நீர்க்கஞ்சியை ஊட்டிவிட்டு, வயிறு நிறைந்ததென்று மகிழ்வதை நாம் காண்கிறோம். குழந்தையின் வயிறு மிகச் சிறியது. அதனை நீரே நிரப்பிவிட்டால் உணவுக்கு இடமேது?

1973ஆம் ஆண்டு தொடங்கிய திரிபோஷா மாவு ஏழைக் குழந்தைகள் பலருக்குக் கைகொடுத்தது. 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் அதற்கும் தட்டுப்பாடு நேர்ந்தபோது, வீட்டிலுள்ளதைக் கொண்டே சத்துணவு ஆக்கப் பழகுதல் எத்துணை அவசியமென்பது வன்னித் தாய்மாருக்கும் புலனாயிற்று.

முதல் இரண்டொரு நாள் குழைந்த சோற்றை மட்டும் மசித்து, இரண்டு மூன்று தேக்கரண்டி ஊட்டுவோம். பின்னர் இரண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு தோல் நீக்கிய பயறு சேர்த்து வேகவைப்போம். அடுத்து வேலியோரத்து முருங்கையிலை. அதன்பின் முள் நீக்கிய மீனும் நன்கு அவித்த முட்டையும். பிறக்கும்போது உடலிலிருந்த இரும்புச்சத்து ஆறாம் மாதமளவில் குறைந்துவிடுவதால், இவற்றைப் பிற்போடலாகாது. இறக்குமுன் சிறிது தேங்காய்ப்பால் விடலாம். உப்பும் சீனியும் வேண்டா. கரண்டியைச் சரித்தால் வழிந்தோடாமல் நிற்பதே பதம்.

தாய்ப்பால் இரண்டு வயதுவரை தொடரட்டும். நாம் ஊட்டியது சோறா, வெறும் நீரா என்பதை மாதந்தோறும் கிளினிக்கிலுள்ள தராசு சொல்லிவிடும்.