கம்பம்மெட்டைத் தாண்டினால் மாறும் கல்யாணம்

கம்பத்தில் ஓர் இந்து ஜோடி உறவினர், நண்பர் முன்னிலையில் மாலை மாற்றிக்கொண்டால் போதும், சட்டப்படி அது திருமணம். மோதிரம் அணிவித்தாலும் சரி, தெரிந்த மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொன்னாலும் சரி. புரோகிதர் வேண்டாம், அக்னி வேண்டாம், தாலிகூடக் கட்டாயம் இல்லை. அதே ஜோடி ஜீப் ஏறி, கம்பம்மெட்டு செக்போஸ்ட்டைக் கடந்து வண்டன்மேட்டில் அதையே செய்தால் அந்த வசதி கிடையாது. 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம் மலைக்கு இரு பக்கமும் ஒன்றுதான். தமிழ்நாடு அதில் 7ஏ என்றொரு பிரிவைச் சேர்த்திருக்கிறது, கேரளம் சேர்க்கவில்லை. ஏலக்காய்க்கு இந்தத் தொல்லை இல்லை. புற்றடி ஸ்பைசஸ் பார்க்கில் ஏலம் போனாலும் போடிநாயக்கனூரில் போனாலும் நறுமணப் பொருள் வாரியத்தின் விதி ஒன்றே.

ஒருபாலினத் திருமணம் என்று பேச்செடுத்தாலே, “அது டெல்லி முடிவு செய்யவேண்டிய விஷயம்” என்று சொல்லிவிட்டுச் சென்னையும் திருவனந்தபுரமும் கைகழுவிக்கொள்கின்றன. திருமணம் அரசியல் சாசனத்தின் பொதுப்பட்டியலில், ஐந்தாவது இனமாக இருக்கிறது. மாநிலங்களும் சட்டம் இயற்றலாம். இயற்றியும் இருக்கின்றன. எல்லையோரத்தில் வாழ்கிறவர்களுக்கு இது ஏட்டுச் சங்கதி அல்ல, செக்போஸ்ட்டின் இரு பக்கமும் அன்றாடம் இருப்பது.

2023 அக்டோபர் 17இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, ஒருபாலினத் திருமணத்துக்கு அங்கீகாரம் கேட்ட சுப்ரியோ வழக்கில் தீர்ப்புச் சொன்னது. திருமணம் செய்துகொள்வது அடிப்படை உரிமை அல்ல என்பதில் ஐவருக்கும் ஒரே கருத்து. 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தைத் திருத்தி வாசிக்கவும் ஐவரும் மறுத்தார்கள். ஒருபாலின இணையர்களின் உறவை அரசு ஏதேனும் ஒரு வடிவில் அங்கீகரிக்கக் கடமைப்பட்டது என்று தலைமை நீதிபதி சந்திரசூட்டும் நீதிபதி கௌலும் சொன்னார்கள். பட், கோலி, நரசிம்மா மூவரும் அதை ஏற்கவில்லை. இதைச் சட்டமன்றங்கள்தான் செய்யவேண்டும் என்பதோடு விஷயம் முடிந்தது. மறுஆய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடி ஆயின.

தீர்ப்பில் என்னை உறுத்துவது அந்த மறுப்பு அல்ல. நீதிமன்றம் சட்டம் எழுதக் கூடாது என்பது மதிக்கத்தக்க நிலைப்பாடுதான். கெடு வைக்காமல் விட்டதுதான் உறுத்துகிறது. தென்னாப்பிரிக்காவின் அரசியல் சாசன நீதிமன்றமும் 2005 டிசம்பரில் தானே சட்டம் எழுதிவிடவில்லை. நாடாளுமன்றத்துக்குப் பன்னிரண்டு மாதம் கொடுத்தது. 2006 நவம்பர் 30இல், கெடு முடியும் தறுவாயில், சட்டம் வந்தது. தைவான் நீதிமன்றம் 2017 மே 24இல் இரண்டு ஆண்டு கொடுத்தது. இடையில் 2018இல் நடந்த பொதுவாக்கெடுப்பில் மக்கள் எதிராகவே வாக்களித்தார்கள். ஆனாலும் 2019 மே 24இல் சட்டம் அமலுக்கு வந்தது. நமக்குக் கிடைத்தது அமைச்சரவைச் செயலர் தலைமையில் ஒரு குழு, அதுவும் மத்திய அரசே தருவதாகச் சொன்ன குழு.

அந்தக் குழு வந்தபின் சில சுற்றறிக்கைகள் வந்தன என்பதையும் சொல்லவேண்டும். 2024 ஆகஸ்ட், செப்டம்பரில் மத்தியத் துறைகள் மாநிலங்களுக்கும் வங்கிகளுக்கும் எழுதின. ரேஷன் கார்டுக்கு இணையர்களை ஒரே வீட்டாராகக் கருதலாம், கூட்டு வங்கிக் கணக்குத் தொடங்கத் தடையில்லை, நெருங்கிய உறவினர் இல்லாதபோது இணையர் உடலைப் பெறலாம். கடைசி வரியை நிதானமாகப் படிக்கவேண்டும். உறவினர் இல்லாதபோதுதான், உறவினர் மறுக்கும்போது அல்ல. அதே ஆண்டு பிப்ரவரியில் கொச்சியில் மாடியிலிருந்து விழுந்து இறந்துபோன ஓர் இளைஞரின் உடலுக்காக, கூட வாழ்ந்தவர் கேரள உயர் நீதிமன்றப் படியேறினார். உடல் பிறந்த வீட்டுக்கே போனது, இணையருக்கு அஞ்சலி செலுத்த மட்டும் வழி கிடைத்தது. அந்தச் சுற்றறிக்கை முன்பே வந்திருந்தாலும் இந்த முடிவு மாறியிருக்காது.

சட்டம் இல்லாததன் வலி கல்யாண மண்டபத்தில் தெரியாது. விண்ணப்பப் படிவத்தில்தான் தெரியும். தேவாரம், கோம்பை, கம்பம் பக்கமிருந்து ஜீப்பில் மலையேறி ஏலத்தோட்டத்தில் காயெடுத்துவிட்டுச் சாயங்காலம் இறங்குகிற பெண்களையும், தோட்டத்து லயத்திலேயே தலைமுறையாகக் குடியிருப்பவர்களையும் எண்ணிப்பாருங்கள். அவர்களில் இருவர், இரண்டு பெண்களோ இரண்டு ஆண்களோ, இருபது வருடம் ஒரே அடுப்பில் பொங்கித் தின்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தோட்டத் தொழிலாளர் வீட்டுக்கும் மருத்துவத்துக்கும் 1951ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த ‘குடும்பம்’ கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், சார்ந்திருக்கும் பெற்றோர் என்ற வட்டம். பெயர் கொடுத்தவர் இறந்தால் மற்றவருக்கு அந்த லயத்தில் இருக்க உரிமை இல்லை. 1972 முதல் இருந்துவரும் பணிக்கொடை விதி இன்னும் கறாரானது. தன்னைச் சார்ந்த தாயோ தந்தையோ இருக்கும்வரை, குடும்பத்துக்கு வெளியே ஒருவர் பெயரை எழுதினால் அந்த நியமனமே செல்லாது. உயில் எழுதலாம். சொத்து இருப்பவருக்கு உயில் உதவும். பணிக்கொடைதான் ஒரே சொத்து என்றிருப்பவர் எதை உயிலில் எழுதுவார்? மேல்தட்டு நகரத்துக் கோரிக்கை என்று 2023இல் மத்திய அரசு நீதிமன்றத்தில் இதைச் சொன்னபோது, வக்கீல் வைத்து ஆவணம் தயாரித்துக்கொள்ளும் நகரத்தாருக்குத்தான் இந்தச் சட்டம் ஓரளவு தேவையில்லாமல் போகும் என்பதை அது கணக்கில் எடுக்கவில்லை.

தமிழர்களுக்கு மட்டுமே இந்த விஷயத்தில் எத்தனை சட்டங்கள் என்று பார்த்தால் தலைசுற்றும். டொரொண்டோவில் இருக்கும் யாழ்ப்பாணத்தார் 2003 முதல் ஒருபாலினத் திருமணம் செய்துகொள்ளலாம். அதே யாழ்ப்பாணத்தில் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 365, 365ஏ பிரிவுகள் இன்னும் அந்த உறவையே குற்றம் என்கின்றன. அதை நீக்கும் தனிநபர் மசோதா அரசியல் சாசனத்துக்கு முரணானது அல்ல என்று இலங்கை உச்ச நீதிமன்றம் 2023இல் சொல்லியும் நாடாளுமன்றம் அதை நிறைவேற்றவில்லை. ரீயூனியன் தீவின் தமிழ் வம்சாவளியினருக்கு 2013ஆம் ஆண்டின் பிரெஞ்சுச் சட்டம் உண்டு. கடல் தாண்டிப் பக்கத்தில் மொரீஷியஸில் 2023 அக்டோபரில்தான் அந்த உறவு குற்றம் அல்ல என்ற தீர்ப்பே வந்தது. மலேசியாவில் இன்னும் குற்றம். சிங்கப்பூர் 377ஏ பிரிவை நீக்கிவிட்டு, கூடவே திருமணத்தின் வரையறையை நீதிமன்றங்கள் தொடாதபடி அரசியல் சாசனத்தில் வேலி போட்டுக்கொண்டது. சாமர்த்தியம் என்று சொல்வதா, பயம் என்று சொல்வதா தெரியவில்லை. இரண்டும்தான்.

ஆசியாவின் பண்பாட்டுக்கு இது ஒவ்வாது என்ற வாதத்தைத் தாய்லாந்து 2025 ஜனவரி 23இல் ஒருபாலினத் திருமணச் சட்டத்தை அமலாக்கி முடித்துவைத்தது. பௌத்தப் பெரும்பான்மை, மன்னராட்சி, ராணுவத்தின் நிழல் எல்லாம் இருக்கும் நாடு அது. நேபாளத்தில் இத்தகைய திருமணங்களைப் பதியச் சொல்லி 2023 ஜூனில் உச்ச நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவு வந்தது. நவம்பரில் லம்ஜுங் மாவட்டத்தின் தோர்தி கிராம நகராட்சி முதல் திருமணத்தைப் பதிந்தது. பதிந்தது காட்மாண்டு அல்ல, ஒரு மலைக் கிராம அலுவலகம். அந்த இணையரில் ஒருவர் திருநங்கை, ஆவணங்களில் ஆண் என்றிருப்பவர். நம் தேசத்தில் திருநர்கள் எதிர்பாலினத்தவரை மணக்க இப்போதே உரிமை உண்டு என்று சுப்ரியோ தீர்ப்பு சொல்கிறது. அதற்கு நான்கு ஆண்டுக்கு முன்பே, தூத்துக்குடியில் பதிவு மறுக்கப்பட்ட ஒரு திருநங்கையின் திருமணத்தை நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் மதுரைக் கிளையில் அங்கீகரித்துவிட்டார்.

கேரளத்தில் ஒருபாலினத் திருமண வழக்கு சுப்ரியோவுக்கும் முந்தியது. குருவாயூரில் 2018இல் மாலை மாற்றிக்கொண்ட இரண்டு ஆண்கள், 2020 ஜனவரியில் சிறப்புத் திருமணச் சட்டத்தை எதிர்த்துக் கேரள உயர் நீதிமன்றம் போனார்கள். 2022 மேயில் பிரிக்கப்பட்ட இரண்டு இளம்பெண்களை அதே நீதிமன்றம் சேர்ந்து வாழ அனுமதித்தது. கொல்லத்து வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2024 மார்ச்சில், இப்படிப் பிரிக்கப்பட்டவர்களை ‘கவுன்சிலிங்’ என்ற பெயரில் மனம் மாற்றும் வேலையை நீதிமன்றங்கள் செய்யக் கூடாது என்று வழிகாட்டுதல் தந்தது. ஆனால் பின்சொன்ன இரண்டும் ஆட்கொணர்வு மனுக்களில் பிறந்த நிவாரணங்கள். பெற்றோர் பூட்டி வைத்தால் திறக்கச் சொல்லும், அவ்வளவுதான்.

சென்னையில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7இல், ஒருபாலின இணையர் தொடுத்த சுஷ்மா வழக்கில், தீர்ப்பெழுதுமுன் தானே ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டறிந்ததை ஒளிக்காமல் பதிவு செய்தார். அந்த வழக்கின் தொடர்ச்சியாகக் காவலர் நடத்தை விதிகள் திருத்தப்பட்டன. அடுத்த கட்டமாக, ‘குடும்ப இணைப்புப் பத்திரம்’ என்ற ஒன்றைப் பதிவு செய்ய வகை செய்யலாமே என்று 2023 நவம்பரில் அவர் தமிழக அரசிடம் யோசனை சொன்னார். 2025 மேயில் நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் லட்சுமிநாராயணனும் வேலூர் வழக்கொன்றில், திருமணம் மட்டுமே குடும்பத்தை உண்டாக்குவதில்லை என்ற கருத்தை முன்வைத்தார்கள். அவ்வாண்டு ஜூலையில் தமிழக அரசு வெளியிட்டது திருநர்களுக்கான கொள்கை. தன்பாலின இணையர்கள் அதில் வரவில்லை.

2023 ஏப்ரலில் மத்திய அரசு மாநிலங்களிடம் கருத்துக் கேட்டது. ராஜஸ்தான், ஆந்திரம், அஸ்ஸாம் எதிர்த்தன. சிக்கிம், மகாராஷ்டிரம், உத்தரப்பிரதேசம், மணிப்பூர் அவகாசம் கேட்டன. பதில் வந்ததாக நீதிமன்றத்தில் சொல்லப்பட்ட அந்த ஏழில் தமிழ்நாடும் இல்லை, கேரளமும் இல்லை. சமூகநீதி என்று ஒன்றும், முற்போக்கு என்று ஒன்றும் மூச்சுக்கு முன்னூறு முறை சொல்லும் இரு அரசுகள் இவை.

இரண்டு அரசுகளுக்கும் சொந்த வரலாறு மறந்துவிட்டது. 1928இல் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் தொடங்கிய சுயமரியாதைத் திருமணங்கள் நாற்பது ஆண்டு சட்டத்துக்கு வெளியே நடந்தன. 1934இல் நடந்த அப்படியொரு திருமணம் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் ஐம்பதுகளின் தொடக்கத்தில் சொன்னது. அதோடு எத்தனையோ பெண்கள் சட்டப்படி மனைவி அல்லாதவர் ஆனார்கள், பிள்ளைகளின் வாரிசுரிமை கேள்விக்குறி ஆனது. 1967இல் அண்ணா அரசு 7ஏ பிரிவைச் சேர்த்துச் சட்டம் இயற்றியது. கேரளத்துக் கதை இன்னும் பழையது. மலபாரில் நாயர்களின் சம்பந்தம் என்ற மண உறவு ஆங்கிலேய நீதிமன்றங்களின் கண்ணில் திருமணமே அல்ல. 1891இல் முத்துசாமி ஐயர் தலைமையில் ஆணையம், 1896இல் விருப்பமிருந்தால் பதியலாம் என்றொரு சட்டம். பதிய வந்தவர்கள் சொற்பம். 1930களில் வந்த மருமக்கத்தாயச் சட்டம்தான் சம்பந்தத்தை முழுத் திருமணமாக ஏற்றது. வண்டன்மேடு அடங்கிய திருவிதாங்கூரிலோ 1912இலேயே நாயர் ஒழுங்குமுறைச் சட்டம் வந்துவிட்டது.

இந்த வரலாற்றை ஓர் எச்சரிக்கையாகவும் படிக்கலாம். விருப்பப் பதிவு என்று 1896 சட்டம் வைத்த பாதையில் அநேகமாக யாரும் நடக்கவில்லை. சிறப்புத் திருமணச் சட்டத்தை நாளையே ஒருபாலினத்தவருக்குத் திறந்துவிட்டாலும் வண்டன்மேட்டில் யார் அதில் நடப்பார்? பெயர், முகவரியோடு முப்பது நாள் நோட்டீஸ் பலகையில் தொங்கவேண்டும். சாதி மாறிக் காதலித்த ஆணும் பெண்ணுமே அந்த முப்பது நாளுக்குப் பயந்து வேறு வழி தேடும் பகுதி இது. தேனி மாவட்டத்திலும் இடுக்கியிலும் சொந்தபந்தம் கொண்டு, எவர் எவரோடு ஜீப்பில் உட்கார்ந்து வந்தார் என்பதுகூட அன்று மாலைக்குள் ஊருக்குத் தெரிந்துவிடும் இடத்தில், நோட்டீஸ் என்பது வீட்டாருக்கு அனுப்பும் தந்தி. அந்த விதியை நீக்கக் கோரித்தான் சுப்ரியோ மனுதாரர்களில் சிலர் வாதாடினார்கள். பெருநகரத்து வாசகர்கள் அதைத் துணைக் கோரிக்கையாக எடுத்துக்கொண்டார்கள். மலைக்காரருக்கு அதுதான் முதல் கோரிக்கை.

ஆகவே மாநிலச் சட்டம் 1954ஐ ஒட்டி எழுதப்படக் கூடாது, 7ஏவை ஒட்டி எழுதப்படவேண்டும். முன் நோட்டீஸ் இல்லை, சாட்சிகள் உண்டு, பிறகு பதிவு. மத்தியச் சட்டத்தோடு முரண்படும் மாநிலச் சட்டத்துக்கு 254(2) பிரிவின்படி குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். அது கிடைக்காது என்பதுதான் எல்லாரும் சொல்லும் முதல் பதில். 1967இலும் மாநிலத்தில் திமுக, டெல்லியில் காங்கிரஸ். 1968 ஜனவரியில் ஒப்புதல் வந்தது. இன்றைய டெல்லி வேறு, ஒப்புக்கொள்கிறேன். மசோதா அங்கே கிடப்பில் கிடக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் கிடப்பில் போடுகிறவர் யார் என்று அப்போது தெரியும். மசோதாவே இல்லாதபோது அதுவும் தெரிவதில்லை. பதிவுத் துறை வழியே குடும்ப இணைப்புப் பத்திரத்துக்கு வகை செய்வதற்கும், மாநில நல வாரியப் படிவங்களில் நியமனதாரர் வரையறையை விரிப்பதற்கும், அரசு மருத்துவமனைகளில் கையெழுத்திடும் உரிமையைச் சுற்றறிக்கையாக அனுப்புவதற்கும் டெல்லியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

7ஏ பிரிவில் இன்னொன்றும் உண்டு, அதைப் பலரும் கவனிப்பதில்லை. சட்டம் வந்த நாளுக்குப் பிறகு நடந்த திருமணங்களோடு, அதற்கு முன்பு நடந்த சுயமரியாதைத் திருமணங்களையும் அது செல்லுபடியாக்கியது. அதனால்தான் அந்த நாற்பது ஆண்டுகளில் மணந்த பெண்கள் பழைய தேதியிலேயே மனைவியர் ஆனார்கள். புதிய மசோதாவுக்கும் அந்த முன்தேதி விதி வேண்டும். இல்லையென்றால் 2018இல் குருவாயூரில் மாலை மாற்றியவர்களும், ஊர் அறியாமல் லயத்தில் இருபது ஆண்டு வாழ்ந்துவிட்டவர்களும் சட்டம் வந்த மறுநாள் புதுமணத் தம்பதியராகக் கணக்கில் சேர்வார்கள். இணையர் அதற்கு முன்பே இறந்திருந்தால், அவருடைய வைப்பு நிதிக்கும் பணிக்கொடைக்கும் உரிமை கேட்க முடியாது.