'போஸ்ட்' என்றால் தபால் இல்லை



அண்மையில் ஒரு நாள் பள்ளி விட்ட பிறகு, ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் பாட்டி வகுப்பறை வாசலில் வந்து நின்றார். வயது 58. இளமையில் பால்மரம் வெட்டியவர். பின்னாளில் செம்பனைக் காட்டில் உதிர்ந்த பழம் பொறுக்கியவர். முந்தானையில் முடிந்திருந்த ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார்.

"டீச்சர், இதுல போஸ்டுன்னு எழுதியிருக்குன்னு பேத்தி படிச்சுச் சொன்னா. பெரிய ஆஸ்பத்திரியிலேருந்து தபால்ல நாள் குறிச்சு அனுப்புவாங்கன்னு மூணு வாரமா காத்துக்கிட்டு இருக்கேன். ஒண்ணும் வரலியே?"

வாங்கிப் பார்த்தேன். கிளினிக் டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்த கடிதம் அது. அவரே கையோடு கொண்டு போக வேண்டியது. அதில் இருந்தது தபால் அல்ல. 'போஸ்ட் மெனோபாஸல் பிளீடிங்' என்ற மூன்று சொற்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்தப் பெயரைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். 'போஸ்ட்' என்பது லத்தீன் மொழியில் 'பிறகு'. 'மெனோபாஸ்' கிரேக்கச் சொற்களால் ஆனது. மாதம், நிற்றல் என்ற இரண்டும் சேர்ந்தது. 1821-இல் கார்டான் என்ற பிரெஞ்சு மருத்துவர் அதைத் தம் நூலில் வழங்கினார். ஆகவே 'போஸ்ட் மெனோபாஸ்' என்றால் மாதவிடாய் நின்ற பிறகு வரும் காலம். கிளினிக் சுவரில் மலாயில் 'புத்துஸ் ஹாயிட்' என்று பார்த்திருப்பீர்களே, அது நின்றுபோவதைச் சொல்வது. நம் வீடுகளில் 'தூரம் நின்னு போச்சு' என்போம். நின்றதற்கு நமக்குப் பேச்சுண்டு. நின்ற பிறகு வரும் காலத்துக்குத்தான் பெயரே இல்லை. ஐம்பது வயதில் நின்று எண்பது வரை வாழ்கிற பெண்ணுக்கு அது முப்பது வருடம்! பூப்பெய்தினால் பந்தல் போட்டு ஊரைக் கூட்டுகிறோம். இதற்கு ஒரு சொல் கூட வைக்கவில்லை. நான் 'நின்ற பின் காலம்' என்று சொல்லிப் பழகி வருகிறேன்.

எப்போது 'நின்றுவிட்டது' என்று சொல்லலாம்? இங்கேதான் பலர் தவறுகிறார்கள். பெரும்பாலோருக்கு 45-க்கும் 55-க்கும் இடையில் நிற்கும். மூன்று மாதம், நான்கு மாதம் வராமலிருந்து மறுபடி வருவது நிற்பதற்கு முந்திய தடுமாற்றம்தான். அந்தச் சமயத்தில் கர்ப்பம் தரிக்கவும் வாய்ப்புண்டு. 'இனிமேல் பயமில்லை' என்று நினைத்துவிட்டு, மகளுக்குப் பிள்ளை பிறக்கும் வயதில் தாமும் முழுகாமல் நின்றவர்களை நம் தோட்டங்கள் கண்டிருக்கின்றன. தொடர்ந்து 12 மாதம் வராவிட்டால் மட்டுமே நின்றது என்று டாக்டர் சொல்வார். நின்ற பின் காலத்தைக் கடைசி மாதவிடாயிலிருந்தே கணக்கிடுவார்கள். ஆனால் அதுதான் கடைசி என்று ஒரு வருடம் கழித்துத்தான் தெரியும். ஆகவே நாட்காட்டியில் தேதியைச் சுழித்து வையுங்கள். எனக்கும் 47 ஆகிறது, நானும் சுழிக்கிறேன்.

கருப்பையை மட்டும் எடுத்தவர்களுக்குச் சூலகம் இருந்தால் அது தன் வேலையைத் தொடர்ந்து செய்யும். இரண்டு சூலகத்தையும் எடுத்துவிட்டால் நின்ற பின் காலம் உடனே தொடங்கிவிடும்.

இது நோய் அல்ல. சூலகத்தில் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறைவதால் உடம்பு சுட்டு வியர்க்கும், தூக்கம் கெடும், எலும்பு பலம் குறையும். நெத்திலியை முள்ளோடு சாப்பிடுங்கள், நடங்கள். அதைப் பற்றி இன்னொரு மாதம் விரிவாக எழுதுகிறேன்.

இப்போது அந்த மூன்றாவது சொல்லுக்கு வருவோம். 'பிளீடிங்' என்றால் இரத்தப் போக்கு. அந்தப் பாட்டிக்கு 52 வயதில் நின்றுவிட்டது. ஆறு வருடம் கழித்துச் சேலையில் கறை. "திரும்ப தூரம் வந்துடுச்சு போலன்னு நினைச்சேன் டீச்சர். கோயிலுக்குக்கூடப் போகல. மருமக கிட்ட எப்படிச் சொல்றது?" என்றார். இரண்டு மாதம் மூடி மறைத்திருக்கிறார். இனிப்புநீர் மாத்திரை வாங்கப் போன இடத்தில் மிஸ்ஸியிடம் வாய்விட்டதால்தான் அந்தக் கடிதமே கிடைத்தது.

சகோதரிகளே, ஒரு வருடம் நின்ற பிறகு வருவது தூரம் அல்ல. ஒரு சொட்டானாலும், வலியே இல்லாவிட்டாலும், ஒரே நாளில் நின்றுவிட்டாலும் டாக்டர் பார்க்க வேண்டும். பயந்து நடுங்கவும் வேண்டாம். இப்படி வருகிற பத்துப் பேரில் ஏறக்குறைய ஒன்பது பேருக்குப் புற்றுநோய் இராது. உட்தோல் மெலிந்திருக்கும், அல்லது சிறு சதை வளர்ந்திருக்கும். ஆனால் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய் கண்டவர்களில், நின்ற பின் காலத்தில் இருப்போரை எடுத்துக்கொண்டால், பத்துக்கு ஒன்பது பேருக்கு இந்த இரத்தப் போக்கு இருந்திருக்கிறது. பருத்த உடம்பும் இனிப்புநீரும் உள்ளவர்களுக்கு ஆபத்து கூடுதல். நம்மில் இந்த இரண்டும் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்து உட்சுவரின் தடிப்பை அளப்பார்கள். 4 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் துளி சதை எடுத்துச் சோதிப்பார்கள். பாப் ஸ்மியர் செய்தாயிற்றே என்று இருந்துவிடாதீர்கள். அது கருப்பை வாய்க்கான சோதனை.

அன்றே மருமகளை வரவழைத்துச் சொன்னேன். அந்தப் பெண் ஒன்றும் முகம் சுளிக்கவில்லை; "ஏன் அத்தை என்கிட்ட சொல்லல?" என்று அழுதாள். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் இருவரும் போனார்கள். பாட்டியின் உட்சுவர் தடித்திருந்தது. பத்தில் ஒருவராக அவர் இருந்தார். ஆனாலும் அது கருப்பையை விட்டு வெளியே பரவவில்லை என்று அறுவை சிகிச்சை செய்து எடுத்துவிட்டார்கள்.

போன வாரம் பேத்தியை அழைத்துப் போக வந்தார். நடை கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. அடுத்து டாக்டரைப் பார்க்கும் தேதியைப் பேத்தி வீட்டு நாட்காட்டியில் சிவப்பு மையால் எழுதி வைத்திருக்கிறாளாம். "இந்தத் தடவை தபாலுக்குக் காத்திருக்கல, டீச்சர்" என்றார்.