ட்யூப் லைட்டுக்கு குட்பை... பவளத் தொட்டிக்கு எல்இடி போதுமா? புற ஊதா ஒளி வேணுமா?

வீட்டுல ட்யூப் லைட் போய் எல்இடி வந்த கதைதான், இப்போ பவளத் தொட்டிகளிலும் நடக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் டி5, டி8 ட்யூப்களை புதிதாகச் சந்தைக்குக் கொண்டுவர 2023 ஆகஸ்ட் முதல் தடை. காரணம், அதில் உள்ள பாதரசம். மினமாட்டா உடன்படிக்கை நாடுகளும் 2027-க்குள் இவற்றின் உற்பத்தி, ஏற்றுமதி, இறக்குமதியை நிறுத்த முடிவெடுத்துள்ளன. பவளம் வளர்ப்பவர்கள் பல ஆண்டுகளாக நம்பியிருந்தது இந்த டி5 ட்யூப்களைத்தான்.

பவளத்துக்கு வெளிச்சம் எதுக்கு?

பவளம் என்பது பாறை அல்ல, விலங்கு. அதன் உடலுக்குள் வாழும் நுண்பாசிகள் ஒளிச்சேர்க்கை செய்து சாப்பாடு போடுகின்றன. பவளத்துக்குத் தேவையான ஆற்றலில் 90% வரை இப்படித்தான் கிடைக்கிறது. இந்த வேலைக்குத் தேவை 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளி. தெளிந்த கடல்நீரில் அதிக ஆழம் வரை செல்வது நீல ஒளி. அதனால்தான் இந்த எல்இடி-க்களில் நீலம் தூக்கலாக இருக்கிறது.

அப்போ புற ஊதா ஒளி?

உணவு தயாரிக்க அது அவசியமில்லை. சொல்லப்போனால், கடலில் இருக்கும் பவளங்களே அதிலிருந்து தப்பிக்க சன்ஸ்க்ரீன் மாதிரியான வேதிப்பொருட்களை உடலில் வைத்திருக்கின்றன. 'யுவி' என்று சொல்லி விற்கப்படும் பல லைட்டுகள் உண்மையில் 400 நானோமீட்டரை ஒட்டிய ஊதா ஒளியைத்தான் தருகின்றன. பவளத்தில் உள்ள ஒளிரும் புரதங்கள் அந்த ஒளியில் பளபளக்கும். அவ்வளவுதான்!

தொட்டி நீரைச் சுத்திகரிக்கும் யுவி கருவி முற்றிலும் வேறு. சுமார் 254 நானோமீட்டரில் கிருமிகளைக் கொல்லும் அந்த விளக்கு மூடிய குழாய்க்குள் மட்டுமே எரிய வேண்டும். பவளத்தின் மீதோ, நம் கண்ணிலோ படவே கூடாது.

எல்இடி-யில் சிக்கலே இல்லையா?

இருக்கு. ட்யூப் போல ஒளி சீராகப் பரவாது, நிழல் விழும். முதல் நாளே முழு வெளிச்சத்தில் வைத்தால் பவளம் பாசியை இழந்து வெளுத்துப்போகலாம். சில வாரங்களில் படிப்படியாகக் கூட்டுவதே நல்லது.

இது வெறும் பொழுதுபோக்கு அல்ல

லண்டன் ஹார்னிமன் அருங்காட்சியகம், எல்இடி மூலம் சூரிய, நிலா ஒளியை நகலெடுத்து தொட்டிக்குள்ளேயே பவளங்களை இனப்பெருக்கம் செய்ய வைத்தது. அதன் உதவியுடன் 2019-ல் ஃப்ளோரிடா அக்வேரியத்தில் அழிவின் விளிம்பில் இருந்த தூண் பவளமும் முட்டையிட்டது. உலகளவில் நான்காவது முறையாகப் பவளங்கள் வெளுத்துவருவதாக 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட நிலையில், இந்தத் தொட்டிகள் ஒருவகையில் விதை வங்கிகள்.

ஒரு எச்சரிக்கை: இந்தியாவில் கல் பவளங்கள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் குற்றம். எந்த லைட் வாங்கலாம் என்று யோசிப்பதற்கு முன், இதைத் தெரிந்துகொள்வது அவசியம்.