வெட்கம் வேண்டாம், விளக்கம் வேண்டும்!

மருதமுனை முதல் பொத்துவில் வரை நீண்டு கிடக்கும் கிழக்குக் கரையிலே, ஐம்பது வயதைக் கடந்த ஆண்களிடையே ஒரு வழக்கம் வேரூன்றி நிற்கின்றது. இரவில் நான்கு முறை எழுந்து சிறுநீர் கழிக்க நேர்ந்தாலும், நீர் இறங்க நெடுநேரம் காத்து நின்றாலும், அதனை மனைவியிடமும் சொல்வதில்லை; மகனிடமும் சொல்வதில்லை; வைத்தியரிடம் சொல்வதோ அபூர்வம். வயது போனால் இப்படித்தான் என்று தமக்குத் தாமே சமாதானம் கூறிக் கொள்கின்றனர். இடுப்பெலும்பில் வலி கண்டால், அது வயல் வேலையின் அலுப்பென்று எண்ணெய் பூசிக் கொள்கின்றனர். இம் மௌனத்தைப் பழிப்பது நமது நோக்கமன்று. இதற்கு நம் மக்கள் கொடுக்கும் விலையை எடுத்துரைப்பதே நமது நோக்கம்.

சிறுநீர்ப்பையின் கீழே, சிறுநீர் வழியைச் சூழ்ந்து அமைந்திருப்பது முன்னிற்குஞ் சுரப்பி. புரொஸ்டேட் என்று வைத்தியர்கள் வழங்குவது இதனையே. வயது ஏற ஏற இது பருப்பது பெரும்பாலான ஆண்களுக்கு இயல்பு; அது புற்றுநோயன்று. இங்கிலாந்து மன்னர் சார்ள்ஸ் 2024 சனவரியில் சிகிச்சை பெற்றது இத்தகைய சாதாரண வீக்கத்துக்கே. அரண்மனை அதனை ஒளிக்காமல் அறிவித்தது. அதன்பின் அந்நாட்டில் இந்நோயைப் பற்றி அறிய முனைந்தோர் தொகை பல மடங்கு பெருகிற்று. அமெரிக்காவின் முன்னாள் சனாதிபதி பைடனுக்கோ, 2025 மே மாதத்தில் அதே சுரப்பியில், எலும்புவரை பரவிய புற்றுநோய் கண்டறியப்பட்டது. அதுவும் உலகறியச் சொல்லப்பட்டது. மன்னரும் சனாதிபதியும் வெட்கப்படாத ஒன்றுக்கு நமது போடியாரும் ஆசிரியரும் ஏன் வெட்கப்பட வேண்டும்?

ஆனால் வெட்கத்தை விடுங்கள் என்று சொல்லும் நாம், எல்லோரும் உடனே இரத்தத்தைக் கொடுத்துப் பரிசோதியுங்கள் என்று சொல்லப் போவதில்லை. இங்கேதான் நிதானம் வேண்டும். பி.எஸ்.ஏ. என்னும் இரத்தப் பரிசோதனை புற்றுநோயை நேரே காட்டுவதன்று. சாதாரண வீக்கத்தாலும் கிருமித் தொற்றாலும் அதன் அளவு உயரும். அளவு உயர்ந்த நால்வரில் ஏறத்தாழ மூவருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. 1970இல் இச்சுரப்பிக்குரிய பதார்த்தமொன்றைக் கண்டறிந்த ஆய்வாளர் றிச்சர்ட் ஏப்லின் தாமே, ஆண்கள் அனைவரையும் இதனால் சலித்தெடுப்பது தவறென 2010இல் பகிரங்கமாக எழுதினார்.

அப்படியானால் அது பயனற்றதா? அதுவுமன்று. ஐரோப்பாவில் 162,000 ஆண்களை 23 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வின் முடிவு 2025இல் வெளியாயிற்று. பரிசோதனைக்கு அழைக்கப்பட்டோரிடையே இந்நோயால் நேர்ந்த மரணம் 13 சதவீதம் குறைந்தது. அழைக்கப்பட்ட 456 பேருக்கு ஒரு மரணம் தவிர்க்கப்பட்டது. மேலதிகமாக நோய் கண்டறியப்பட்ட 12 பேருக்கு ஒரு மரணம் தவிர்க்கப்பட்டது. ஏனைய பதினொருவரும் அவ்வுயிர்ப் பயனின்றியே நோயாளர் என்னும் பெயரைச் சுமந்தனர். அவர்களுட் பலர் சிகிச்சையின் துன்பத்தையும் சுமந்தனர். நன்மை உண்டு, தீமையும் உண்டு. 55 முதல் 69 வயது வரையுள்ளோர் வைத்தியருடன் கலந்து தாமே முடிவு செய்க என்றும், 70க்கு மேற்பட்டோருக்கு இச்சலிப்பு வேண்டாம் என்றும் அமெரிக்க நிபுணர் குழு 2018இல் கூறியதன் காரணம் இதுவே. தந்தைக்கோ உடன்பிறந்தானுக்கோ இந்நோய் வந்திருந்தால் ஆபத்து ஏறத்தாழ இரு மடங்கு. அத்தகையோர் முன்னதாகவே வைத்தியரை நாடுவது நன்று. நோய்க்குறி உள்ளவரோ எந்த வயதினராயினும் தாமதிக்கலாகாது.

நோய் உறுதியானபின் வரும் கேள்வி இன்னும் பெரிது. எல்லாக் கதிரும் ஒரே நாளில் முற்றுவதில்லை என்பதை நமது கமக்காரர் அறிவர். இப்புற்றுநோயும் அப்படியே. சில, மனிதன் வேறு காரணத்தால் இறக்கும்வரை அசையாமல் கிடக்கும். சில, விரைந்து எலும்பைப் பற்றும். பிரித்தானியாவில் 1,643 ஆண்களைக் கண்காணிப்பு, சத்திரசிகிச்சை, கதிர்வீச்சு என மூன்றாகப் பிரித்து நடத்திய ஆய்வின் 15 ஆண்டு முடிவு 2023இல் வந்தது. சுரப்பிக்குள் அடங்கிய நோயுடைய அம் மூன்று பிரிவினரிலும் இந்நோயால் இறந்தோர் நூற்றுக்கு மூவர் அளவே. கண்காணிக்கப்பட்டோரிடையே நோய் பரவியது 9.4 சதவீதம், மற்ற இரு பிரிவிலும் அதன் பாதியளவு. எனவே சாந்தமான நோயுடையவர் அவசரப்பட்டு உறுப்பை இழக்க வேண்டியதில்லை. கடுமையான நோயுடையவர் காத்திருக்கவும் கூடாது. தம்முடையது எவ்வகை என்று இழையப் பரிசோதனையின் தரத்தைக் கேட்டறிவது ஒவ்வொரு நோயாளியினதும் உரிமை.

சத்திரசிகிச்சையின்பின் சிறுநீர் கசிதலும், இல்லற வாழ்வில் தளர்ச்சியும் நேரலாம். கதிர்வீச்சு குடலை உறுத்தலாம்; அதற்கு நாள்தோறும் வாரக் கணக்கில் செல்ல வேண்டும். வேளாண்மை வெட்டும் காலத்தில் நான்கு வாரமோ எட்டு வாரமோ வயலை விட்டிருப்பது எளிதா? சிறுநீர் கசியும் மனிதர் தமது வுழூவைப் பற்றியும் தொழுகையைப் பற்றியும் கவலுறுவது இயற்கை. அத்தகையோருக்கு மார்க்கம் சலுகை வகுத்திருக்கின்றது. தொழுகை நேரம் வந்தபின் ஒவ்வொரு தொழுகைக்கும் வுழூச் செய்து தொழலாம். இதனை ஆலிம்கள் பள்ளிவாயலிலே விளக்கினால், எத்தனையோ பேரின் தயக்கம் நீங்கும்.

இவையனைத்தையும் நோயாளி விளங்கிக்கொள்வது எம்மொழியில்? மகரகமைக்கு 300 கிலோமீற்றருக்கு மேல் பயணஞ் செய்து, புரியாத மொழியில் அவசரமாகச் சொல்லப்படுவதற்குத் தலையாட்டி, படிவத்தில் கையொப்பமிடுவது சம்மதமாகுமா? 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அது கடிதத் தலைப்புக்கு மட்டும் உரியதன்று. ஒரு மனிதன் தன் உடலைப் பற்றி முடிவு செய்யும் அறைக்குள்ளும் அது நுழைய வேண்டும்.

ஆகவே நாம் கேட்பவை பெரியவையல்ல. சிகிச்சை வகைகளையும் அவற்றின் நன்மை தீமைகளையும் தெளிவாகக் கூறும் தமிழ்ப் பிரசுரம் ஒவ்வொரு வைத்தியசாலையிலும் கிடைக்க வேண்டும். பெண்களுக்கெனச் சுகவனிதையர் நிலையங்களை அமைத்த அரசு, ஆண்களும் கூச்சமின்றிப் பேச இடமொன்றை அமைக்க வேண்டும். தொடர் சிகிச்சைக்கு வழி செய்யாமல் இலவச முகாமில் இரத்தம் எடுத்துவிட்டுச் செல்வோர், அந்த வழியை முதலில் செய்துவிட்டு வரட்டும். கல்முனையின் இரண்டு ஆதார வைத்தியசாலைகளும் இப்பணியில் கைகோத்து நிற்க வேண்டும். நோய்க்கு வடக்கும் இல்லை, தெற்கும் இல்லை. தமிழனென்றும் முஸ்லிமென்றும் அது பார்ப்பதில்லை.

தமிழ் பேசும் ஆண்மக்களுக்கு நாம் கூறுவது ஒன்றே: பேசுங்கள். வைத்தியரிடம் கேளுங்கள், விளங்காவிடில் மீண்டும் கேளுங்கள். விளங்கியபின் முடிவு செய்யுங்கள். உடல் உங்களுடையது, முடிவும் உங்களுடையதாகவே இருக்கட்டும்.